பஸ்ஸில் துடைத்த சாம்பல்

நான் ஓரறை வாடகை வீட்டில் இருக்கிறேன். முன்பிருந்த அடுக்குமாடி புளோக்கில், கிறிஸ்துமஸுக்கு நான் கொடுத்த பலகாரத்தைத் தமிழ்க் குடும்பம் ஒன்று அப்படியே குப்பையில் போட்டதைப் பார்த்தேன். அதனால் இந்தப் புளோக்கிற்கு வந்ததும் பொட்டு வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா என்ற பெயரையும் செல்வி என்று மாற்றிச் சொன்னேன்.

போன வருடம் சாம்பல் புதனன்று தேக்கா பக்கத்து சர்ச்சுக்குப் போனேன். பாதிரியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டார். திரும்பும்போது பஸ்ஸிலேயே அதைத் துடைத்துவிட்டு, அதே இடத்தில் பொட்டை ஒட்டிக்கொண்டேன்.

புளோக்கின் கீழே கமலா அக்காவும் மற்றவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில், ஆறாவது மாடிக்குப் புதிதாக வந்த மேரி, நெற்றியில் சாம்பலோடு வந்தாள்.

"என்னம்மா, அடுப்புக்குள்ள தலைய விட்டியா? முகத்த கழுவு லா!" என்றார் கமலா அக்கா.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் சத்தமாகவே.

சற்று முன் சர்ச் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் மேரிதான். என்னைப் பார்த்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

"மார்க்கெட் போயிட்டு வர்றீங்களா, செல்விக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாள்.

இந்த வருடம் நான் சாம்பலைத் துடைக்கவில்லை. என் பெயரையும் சொல்லிவிட்டேன். கமலா அக்கா இப்போது என்னிடம் பேசுவதில்லை. அது பரவாயில்லை. மேரி ஜூரோங்குக்குக் குடிபோய்விட்டாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கும் தைரியம்தான் எனக்கு இன்னும் வரவில்லை.