நூற்றுப் பதினெட்டு கிலோ

மலைமேல் இருக்கும் அந்தச் சிற்றூரின் உருளைக்கிழங்கு மண்டியில் எடை போடுபவருக்கு வயது அறுபத்தொன்பது. வெயிலும் குளிர்காற்றும் சேர்ந்து முகத்தைச் சுருக்கிவிட்டன. பல்லும் முக்கால்வாசி போய்விட்டது. பார்த்தால் நூறு சொல்லலாம். அதற்காக நூற்றுப் பதினெட்டா? அடுக்குமா?

நடந்தது இதுதான். ஒருநாள் மூட்டைகளைத் தராசில் ஏற்றிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் பார்க்க வந்த பத்திரிகைக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"எவ்வளவு இருக்கும், பெரியவரே?"

"நூத்திப் பதினெட்டு" என்றார் இவர், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுவாரம் பத்திரிகையில் இவர் படம், 'நூற்றுப் பதினெட்டு வயதுப் பெரியவர்' என்று. மலைப்பாதை கொள்ளாமல் கார்கள் வந்தன. திருத்தம் சொல்லக் கிளம்பியவரின் கையை, விடுதி நடத்தும் மருமகன் பிடித்துக்கொண்டான்.

"மாமா, ரூமெல்லாம் நிரம்பி வழியுது. கொஞ்ச நாளைக்கு வாயைத் திறக்காதீங்க."

இவரும் திறக்கவில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வந்தவர்கள் கேட்டால் மட்டும், "கிடைச்சதை" என்பார். உள்ளுக்குள் குஷிதான், பொய் சொல்வானேன்.

வினை வேறு பக்கத்திலிருந்து வந்தது. மண்டிக்கு எதிரே தையற்கடை. அதை நடத்தும் அம்மாவும் இவரைப் போலவே துணையை இழந்தவள். இருவருக்கும் இடையே பல வருஷமாக ஒரு இது. மனிதர் ஒருவழியாகத் துணிந்து, கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டேவிட்டார்.

மெஷினை நிறுத்தாமலே அவள் சொன்னாள். "எனக்கும் ஆசைதாங்க. ஆனா நூத்திப் பதினெட்டைக் கட்டிக்க மாட்டேன். நாலு பேர் முன்னாடி உண்மையான வயசைச் சொல்லுங்க. வரேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமையே மண்டி வாசலில் கூட்டம். அதே பத்திரிகைக்காரர் மைக்கை நீட்டினார். மருமகன் கண்ணைக் காட்டினான். இவர் சட்டை செய்யவில்லை.

"எனக்கு அறுபத்தொன்பதுதாங்க. அன்னைக்குச் சொன்னது மூட்டைங்களோட எடை!"

கூட்டம் உருகிப்போனது. "பாவம், நினைவு தப்புது" என்றார் பத்திரிகைக்காரர். இவர் சத்தியம் செய்தார், கெஞ்சினார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எதிர்க்கடையைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு.

அப்போது தையற்காரம்மா, கழுத்தில் தொங்கும் டேப்போடு விடுவிடுவென்று வந்தாள். யார் வயதைக் கேட்டாலும் பல வருஷமாக ஐம்பத்தைந்தைத் தாண்டாதவள் அவள். சொந்த மகனுக்கே உண்மை தெரியாது. வந்தவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"நானும் இவரும் ஒரே வகுப்பு. என்னைப் பார்த்துக் காப்பியடிச்சுத்தான் பாஸானாரு. எனக்கும் அறுபத்தொன்பது. போதுமா?"

எடைக்காரர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். காப்பியடித்தது வெளியே வந்ததற்காக அல்ல. தனக்காக அவள் எதை விட்டுக்கொடுத்தாள் என்று அவருக்குத் தெரியும்.

பத்திரிகைக்காரர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது.

"ஒரே வகுப்பா? அப்போ உங்களுக்கும் நூத்திப் பதினெட்டா!"

கல்யாணப் படமும் பத்திரிகையில் வந்தது. அதைப் படித்துவிட்டு அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"போச்சுடா! உங்களோட சேர்த்து என்னையும் தராசுல ஏத்திட்டாங்களே!"