தரணேந்திரன் எழுதிய ஒரு வரி

செங்கம் சாலையில் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தபோது பழைய நண்பர் ஒருவர் போன் செய்தார். தரணேந்திரன் சார் மாரடைப்பில் காலமாகிவிட்டாராம். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வண்டியைக் கிளப்பினேன். ஆறு வருடங்களாக அவரிடம் பேசாதவனுக்கு அன்று மட்டும் என்ன அவசரம் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

திருவண்ணாமலை லாட்ஜ்களின் அறைப் பதிவுகளை சென்னையிலுள்ள ஒரு முன்பதிவுக் கணினிக்கு அனுப்பும் புரோகிராம்தான் எங்கள் சிறிய அலுவலகத்துக்குச் சோறு போட்டது. அதை எழுதியவர் அவர். என்னைவிட இரண்டே வயது மூத்தவர். எழுதிய ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்ப்பார். நாங்கள் கிண்டல் செய்தால் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

தரவு அனுப்ப, வேறு யாரோ எழுதிவைத்த 'லைப்ரரி' என்ற ஆயத்த நிரல் தொகுப்பைப் பயன்படுத்தினோம். ஒரு லாட்ஜின் பட்டியல் போனதும் அது இணைப்பை மூடாமல் வைத்திருந்து, அடுத்த லாட்ஜுக்கும் அதையே எடுத்துக்கொள்ளும். சார் ஒரு வரி எழுதி அதைத் தடுத்திருந்தார். ஒவ்வொரு லாட்ஜுக்கும் புது இணைப்பு.

"டைம் ஜாஸ்தி ஆவுது சார். தொறந்த லைன்லயே அனுப்பிட்டா இன்னா?" என்று கேட்டேன்.

"ஒவ்வொரு லாட்ஜுக்கும் பாஸ்வேர்டு வேறங்க. லைன மூடலைன்னா, மொதல் லாட்ஜ் பேர்லயே மத்ததும் போயிடும். லேட்டானா ஆவட்டும்."

நான் நம்பவில்லை. அவர் பயந்த சுபாவம் என்று நினைத்தேன்.

ஒரு சித்ரா பௌர்ணமி. லைன் இழுவையாக இழுத்தது. சமணரான அவர் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார். "சூரியன் எறங்கறதுக்குள்ள சாப்ட்டு வந்துடறேன்" என்று டிபன் டப்பாவோடு மாடிக்குப் போனார். அந்த அரைமணி நேரத்தில் அந்த வரியை அழித்தேன். பட்டியல்கள் பறந்தன. எல்லாம் ஒரே லாட்ஜின் பெயரில் பறந்தன. மற்ற லாட்ஜ்களின் அறைகள் காலியென்று காட்ட, சென்னையில் அவற்றை வேறு ஆட்களுக்கும் கொடுத்துவிட்டார்கள். பதிவு செய்திருந்த குடும்பங்கள் குழந்தைகளோடு தெருவில் நின்றன.

முதலாளி எல்லோர் முன்னாலும் சாரைத் திட்டித் தீர்த்தார். சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எழுதினேன்னுதான் நெனச்சேன்... விட்டுட்டேன் போலருக்கு" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அந்த மாதமே வேலையை விட்டு வந்தவாசிப் பக்கம் தம் ஊருக்குப் போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்தேன்.

இறுதிச் சடங்கு முடிந்ததும் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அவருக்கு இது தெரியவே தெரியாதுங்க" என்றார் அந்த அம்மா. "சென்னையில ரெண்டு எடத்துல வேலைக்குக் கூப்ட்டாங்க. 'எனக்கு மறதி வந்துடுச்சு, என்ன நம்பி யாரும் வேல குடுக்கக் கூடாது'ன்னுட்டு நெலத்துல மல்லாட்டை பயிரு வெச்சிக்கினு இங்கயே இருந்துட்டாரு."

தரணேந்திரன் சார், நீங்கள் மறக்கவில்லை. அந்த வரியை எழுதியிருந்தீர்கள். அழித்தவன் நான். போய் வாருங்கள்.