ஆறு ஜோடி கறுப்பு சாக்ஸ்

வணிக வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசையும் ஒரு இயந்திரமும் அவரும் மட்டுமே கொள்ளும் கடை. கோப்பை, கேடயம், கைக்கடிகாரம், பேனா என எதை நீட்டினாலும் அதில் பெயரைப் பொறித்துத் தருவார். இருபத்தாறு வருடங்களாக 'அன்பின் நினைவாக' என்று வெட்டி வெட்டி, வளாகம் முழுக்க அவருக்கு 'நினைவாக அண்ணன்' என்றே பெயராகிவிட்டது. ஓய்வுபெற்றவர்களும் ஓட்டப்பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர்களும், தாங்கள் யார் என்று சந்தேகம் வந்தால் எடுத்துப் பார்ப்பது அண்ணனின் கைவேலையைத்தான்.

அப்பேர்ப்பட்டவரின் மகள் பட்டம் வாங்கினாள். வாங்கிய கையோடு ராணுவ அகாடமிக்கும் தேர்வானாள். அண்ணன் ஒரு நாள் பெருமைப்பட்டார், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, நாலாம் நாள் பரிசு வாங்கக் கிளம்பினார். போகாதே என்று சொல்லத் தெரியாத மனிதர். தான் கொடுத்த ஒரு பொருளாவது அவளோடு உள்ளே போகவேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

முதலில் கைக்கடிகாரம். வாங்கியவுடன் கை சும்மா இருக்குமா? பின்மூடியில் மகளின் பெயர், தேதி, 'அப்பா அம்மாவின் அன்புடன்'.

மகள் அகாடமியின் பட்டியலை நீட்டினாள். "ஏழாவது விதியப் படிப்பா."

எந்தப் பொருளிலும் பெயரோ குறியோ இருக்கக் கூடாது என்றது ஏழாவது விதி.

"பேரில்லாம எப்படிம்மா? தொலைஞ்சு போச்சுன்னா?"

"அங்க நம்பர்தான்ப்பா."

"அப்ப அந்த நம்பரச் சொல்லு, போட்டுடறேன்."

"உள்ள போனாத்தான் நம்பரே குடுப்பாங்க."

அடுத்து எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். நேராக வீட்டுக்குக் கொண்டுவருவதாக மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவர், கடைப் பூட்டைச் சரிபார்க்க ஒரு நிமிடம் ஒதுங்கினார். வீடு வந்த பாட்டிலின் அடியில் மகள் பெயரின் முதல் எழுத்து இருந்தது.

"ஒத்த எழுத்துதானே! பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும்."

"பட்டாளத்துல பூதக்கண்ணாடிக்கா பஞ்சம்? உங்க கையக் கழட்டிப் பரண்ல போட்டாத்தான் இந்தப் பொண்ணு ஊர் போய்ச் சேரும்," என்றார் மனைவி.

அழிக்கப் பார்த்தார். வெட்டிய இடம் குழியானது. குழியும் குறிதான் என்றாள் மகள்.

இனி உலோகமே ஆகாது என்று தீர்ப்பாகி, மனைவி அவரைச் சாக்ஸ் கடைக்கு இழுத்துப் போனார். ஆறு ஜோடி கறுப்பு சாக்ஸுக்கு அண்ணன் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றையும் உள்பக்கமாகத் திருப்பி விரல்பக்கத் தையலைத் தடவினார். இறுக்குகிறதா என்று பார்க்க மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு கடையைச் சுற்றி நடந்தார்.

"அண்ணே, அது காலுக்கு," என்றார் கடைக்காரர்.

சேரும் நாளன்று அகாடமி வாசலில் பெட்டியைப் பிரித்துச் சோதித்தார்கள். சாக்ஸ் தேறியது. அண்ணனின் முகம் மலர்ந்தது. மலர்ந்து முடிவதற்குள், சோதித்த சிப்பாய் ஆறு ஜோடியையும் ஒரு பெரிய கூடையில் போட்டார். அதில் ஏற்கெனவே நூறு அப்பாக்களின் கறுப்பு சாக்ஸ் குவிந்து கிடந்தது.

"சார், அதுல எங்களோடது எதுன்னு..."

"துவைச்சு, அளவு பாத்துப் பிரிச்சுக் குடுப்போம் சார். எல்லாம் ஒண்ணுதான்."

மகள் "வரேன்ப்பா" என்றாள். ஊருக்கெல்லாம் வாசகம் எழுதிக் கொடுத்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை ஃபோன் வந்தது. ஐந்து நிமிடம்தான் அனுமதி. நாலை அம்மா எடுத்துக்கொண்டார்.

"சாக்ஸ் போடறியாம்மா?"

"அது யாருக்குப் போச்சோ தெரியலப்பா. எனக்கு வேற யாரோ வாங்கினது வந்திருக்கு."

இருந்த ஒரு நிமிடம் அதன் பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

"விரல்கிட்ட தையல் உறுத்துதா?"

"இல்லப்பா. மெத்துன்னு இருக்கு."

"அப்ப யாரோ நல்லாப் பாத்துத்தான் வாங்கியிருக்காங்க," என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் இணைப்பு போய்விட்டது.