கேட்டுக்கு வெளியே முட்டை
ஓசூரில் செல்போன் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த வருடம், அசெம்ப்ளி லைனில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது கம்பெனி நர்ஸ் என் கீழிமையை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரத்தமே இல்லியேம்மா. ஆஸ்டல்ல என்ன போடறாங்க?"

"காலைல புளிசாதம். ராத்திரிக்கு சோறும் தண்ணி சாம்பாரும்."

பரிசோதனையிலும் ரத்தசோகை என்றே வந்தது. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "மாத்திரை மட்டும் போதாது. முட்டை, பருப்பு, கீரை தினமும் சேத்துக்க. கீரைல எலுமிச்சம்பழம் புழிஞ்சுக்க. சாப்ட்ட கையோட டீ குடிக்காத, சத்து ஒடம்புல ஒட்டாது" என்றார் நர்ஸ்.

எங்கள் விடுதியில் முட்டைக்குத் தடை. வாங்கி வந்து கெட்டிலில் வேகவைத்தேன். வாசனை பிடித்து வார்டன் வந்துவிட்டார்.

"இங்க முட்டை கிட்டையெல்லாம் ஆவாது. ஓனருக்குப் புடிக்காது."

"விழுந்தது நானு, ஓனர் இல்ல. நர்ஸ் சொன்னத சாப்புடறன்."

"அப்ப ரூம காலி பண்ணு."

பர்கூரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "அனுசரிச்சுப் போ கண்ணு" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது. வயது வந்த பெண்கள், பகலிரவு மாறி மாறி ஷிப்ட் பார்க்கிறோம். வயிற்றுக்குள் என்ன போகவேண்டும் என்று வேறொருவர் முடிவு செய்வதா?

மறுநாள் காலை விடுதி கேட்டுக்கு வெளியே, கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க முட்டையை உரித்தேன். அறைத்தோழி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ஒண்ணு குடுடி" என்றாள். அந்த வாரம் முடிவதற்குள் கேட்டோரம் முழுக்கப் பெண்கள். காலி பண்ணச் சொன்னால் எல்லோரும் சேர்ந்தே போவோம் என்று வார்டனிடம் சொல்லிவிட்டோம்.

விடுதி ஓனரே காரில் வந்து இறங்கினார். "மாடில வெச்சு சாப்புடுங்க. ரோட்ல வேணாம், மானம் போவுது."

"மாடில சாப்புடறோம். சாம்பார்லயும் பருப்பு போடுங்க சார்" என்றேன்.

அவர் காரில் ஏறிப் போனார். சில நாளில் சாம்பார் கெட்டியானது. வாரத்தில் பாதி நாள் கீரையும் வந்தது. மாதம் திரும்பியதும் மறுபடி நீர்த்தது. கரண்டியோடு வார்டன் அறைக்குப் போய் நின்றோம். இப்போதும் அப்படித்தான். சாம்பார் நீர்க்கும்போதெல்லாம் போய் நிற்கிறோம். புதிதாகச் சேரும் பெண்களையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.