மேன்ஹோல் மூடியும் மூன்று என்ஜினீயர்களும்

சாக்கடைத் தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும் என்பதை என்ஜினீயரிங் படித்தவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்குவது என் தொழில். சிரிக்க வேண்டாம். டிரைவிங் ஸ்கூலில் கிளட்ச்சை மிதிக்கச் சொல்லித் தொண்டை வற்றியவர்களும், ஆபீசில் புது ஆட்களுக்குக் கம்ப்யூட்டர் பழக்கித் தலை நரைத்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரிந்தாலும் அவர்கள் என்ஜினீயர் பக்கம்தான் பேசுவார்கள்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் கம்பெனி. மழைநீர் வடிகால், பாதாளச் சாக்கடை இரண்டையும் திட்டமிடுகிற சாஃப்ட்வேரை விற்கிறோம். வாங்குகிறவர்களுக்கு ஒரு வாரம் பயிற்சி. கம்ப்யூட்டரில் தெருவை வரைந்து, அடியில் குழாய் போட்டு, மேன்ஹோல் வைத்து, மேலே மழையைக் கொட்டிப் பார்க்கலாம். தண்ணீர் குழாய்க்குள் அடங்கிப் போனால் மேன்ஹோல் பச்சைப் புள்ளியாக இருக்கும். மூடியைத் தாண்டிப் பொங்கினால் சிவப்பாகிவிடும். அவ்வளவுதான் விஷயம். இதைப் புரியவைக்கத்தான் ஒரு வாரம்.

எத்தனையோ பேட்ச் வந்து போயிற்று. ஒரே ஒரு பேட்ச்சை மட்டும் நான் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. எங்கள் பகுதிக்கு மழைநீர் வடிகால் போடும் வேலையை எடுத்திருந்த கன்சல்டன்சியிலிருந்து வந்த மூன்று பேர். தனியாகப் பயிற்சி எதற்கு என்று, அந்த வேலையையே பாடமாக எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பகுதி என்பது மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், ஃபேக்டரி ஷெட்டுகளுக்குக் கீழே பள்ளத்தில் கிடக்கிற லேஅவுட். அதில் கடைசித் தெருவில் கடைசி வீடு என்னுடையது. நல்ல மழை பெய்தால் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வரும். என் மனைவி அரிசி மூட்டையைக் கட்டில்மேல் ஏற்றி, தானும் அதன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். இந்த மூன்று பேரும் கணக்கை ஒழுங்காகப் போட்டால் அவள் கட்டிலைவிட்டு இறங்கலாம். ஆகவே மற்ற பேட்ச்சுகளுக்குச் சொல்லாததையெல்லாம் இவர்களுக்குச் சொன்னேன்.

அரை நாள் சார்

முதல் நாள் காலையில் மூன்று பேருமே என்னை சார் என்றுதான் கூப்பிட்டார்கள். டீம் லீடர் கார்த்திகேயன், திருநெல்வேலிக்காரன். பவித்ரா, நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். மஞ்சுநாத்துக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு. தினமும் பைக்கில் வருவான், தமிழில் கன்னடத்தைக் கலந்து பேசுவான். டீ நேரத்தில் பவித்ரா, "சார், நீங்க எந்தக் காலேஜுங்க?" என்று கேட்டாள். பத்தாவது ஃபெயில், ஒரு என்ஜினீயரிடம் பிளான் டிரேஸ் எடுக்கிற வேலைக்குச் சேர்ந்து, கம்ப்யூட்டர் வந்தபோது அதையும் பழகிக்கொண்டேன் என்று உள்ளதைச் சொன்னேன்.

டீ ஆறுவதற்குள் என் பதவி போய்விட்டது. பவித்ராவுக்கு அங்கிள் ஆனேன். மஞ்சுநாத் மட்டும் கடைசிவரை சார் என்றான், ஆனால் டீ கொண்டுவந்தவரையும் அவன் சார் என்றுதான் கூப்பிட்டான். கார்த்திகேயன் வெகுநேரம் யோசித்தான். பிறகு அந்த வாரம் முழுவதிலும் அவன் கேட்ட ஒரே சந்தேகத்தைக் கேட்டான்: "அப்பம் எங்க சர்ட்டிபிகேட்ல யாரு கையெழுத்துப் போடுவா, அண்ணாச்சி?"

ஜன்னல் வேண்டாம்

ஒவ்வொரு குழாயின் இரண்டு முனைக்கும் அடிமட்டம் கொடுக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்கிற கணக்கு. மஞ்சுநாத் ஒரு முனைக்குக் கடல் மட்டத்திலிருந்து உயரம் கொடுத்தான். மறுமுனைக்கு ரோட்டிலிருந்து எத்தனை மீட்டர் ஆழம் என்று கொடுத்தான். ஓசூரில் கிளம்பிய குழாய் சென்னைக் கடற்கரை மட்டத்தில் போய் விழுந்தது. அடுத்த குழாய் அங்கிருந்து மறுபடியும் ஓசூருக்கு ஏறியது. சாஃப்ட்வேர் கத்தோ கத்தென்று கத்தியது. அவன் ஸ்பீக்கரை அணைத்தான்.

நான் ஜன்னலைத் திறந்து காட்டினேன். எதிர் ரோட்டில் ஆட்டோக்காரர்கள் பெட்ரோலை மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் உருட்டிக்கொண்டு போனார்கள். "ஆட்டோ எந்தப் பக்கம் உருளுது பாரு. தண்ணியும் அந்தப் பக்கந்தான் உருளும்" என்றேன். "ஒந்து நிமிஷ சார்" என்று சொல்லிவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செல்போனில் சாட்டிலைட் மேப்பைத் திறந்து அதே ரோட்டைத் தேட ஆரம்பித்தான். கண்ணெதிரே இருக்கிறதே தம்பி என்று கேட்டதற்கு அவன் சொன்னது: "ஜன்னல்ல தெரியறத ரிப்போர்ட்ல அட்டாச் பண்ண ஆகல்ல சார்."

எல்லை தாண்டாத மழை

மூன்றாம் நாள் மழையைக் கொட்டிப் பார்த்தார்கள். எல்லாப் புள்ளியும் பச்சை. படத்தில் என் வீட்டு வாசலில் இருக்கிற மேன்ஹோலில் குழாய் பாதிகூட நிறையவில்லை. வருஷா வருஷம் கட்டில்மேல் உட்காருகிறவளின் புருஷன் நான், என்னால் இதை எப்படி நம்ப முடியும்? படத்தைச் சுருக்கிப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. கார்த்திகேயன் மாநில எல்லைக் கோட்டோடு நிலத்தை வெட்டிவிட்டிருந்தான். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவதே அந்தக் கோட்டுக்கு அப்பால் இருக்கிற மேட்டிலிருந்துதான். அங்கே ஏரி நிறைந்தாலும் சரி, புதுக் கட்டடங்களின் மொட்டை மாடியில் பெய்தாலும் சரி, எல்லாம் சரிந்து எங்கள் மேல்தான் வந்து விழும். தண்ணீர் தரமாட்டோம் என்று அவர்கள் சொல்லி நாம் சண்டை போடுவதுதான் வழக்கம். அவர்கள் கேட்காமலே அனுப்புகிற தண்ணீரைக் கணக்கில் சேர்க்கமாட்டேன் என்று சொன்னவனை நான் அன்றுதான் பார்த்தேன்.

"நம்ம வொர்க் ஆர்டர் பார்டரோட முடிஞ்சிருது அண்ணாச்சி. அங்கன பெய்யுத மழை அந்த கவர்மெண்ட்டுக்குள்ள மழை" என்றான் கார்த்திகேயன். நான் மஞ்சுநாத்தைக் கேட்டேன், உங்கள் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்று. அவன் வெள்ளந்தியாக, "எங்க மாடில விழற தண்ணி இந்தப் பக்கந்தான் சார் வர்து. மழ டைம்ல நானும் தண்ணியும் ஒண்ணாத்தான் பார்டர் தாண்டறது" என்றான். கார்த்திகேயன் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "ஏல மஞ்சு, இத நீ வெளிய எங்கயும் சொல்லிராத."

கஸ்டமர் கணக்கு

நான் கத்தினேன். கீழே பேக்கரியில் பன் வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். கார்த்திகேயன் நேராக முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டான். முதலாளி என்னைவிட வயதில் சின்னவர். கம்பெனி விளம்பரத்தில் பயிற்சியாளர் என்று என் படத்தைப் போடாமல், பெங்களூரில் டை கட்டிய யாரோ ஒரு பையனின் படத்தைப் போட்டவர் இவர்தான். நான் அதையும் மறக்கவில்லை. ஏசி அறைக்குள் என்னைக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லாமல், புத்தி சொன்னார்: "கஸ்டமர் கணக்குல தப்பே இருக்காது கோவிந்து. தப்பு மாதிரி தெரிஞ்சா, எனக்குப் புரியலீங்கன்னு சொல்லிப் பழகு."

சிவப்பு போன வழி

ஆனாலும் நான்காம் நாள் மதியம் கார்த்திகேயன் வெளியே போன நேரத்தில், பவித்ரா எல்லைக்கோட்டைத் தள்ளிவைத்து அந்தப் பக்கத்து மேட்டையும் சேர்த்து மழையைக் கொட்டிப் பார்த்தாள். ராயக்கோட்டை மண்டிக்கு அத்தனை தக்காளி வண்டியும் ஒரே நேரத்தில் வந்து முட்டினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் எங்கள் தெருவில் தண்ணீர் வந்து முட்டியது. புள்ளிக்குப் புள்ளி சிவப்பு. என் வாசலில் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்ல சிவப்பு. தன் வீடு முழுகுவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். இனி குழாயைப் பெரிதாக்க வேண்டும், ஷெட்டுகளுக்குப் பின்னால் இன்னொரு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்ப வேண்டும். அதைத்தானே சாஃப்ட்வேர் சொல்கிறது?

திரும்பி வந்த கார்த்திகேயனுக்கு முகம் விழுந்துவிட்டது. மறுநாள் வடிகால் வேலையைக் கொடுத்த பெரிய அதிகாரி பார்க்க வருகிறார். இன்னொரு வாய்க்கால் என்றால் எஸ்டிமேட் ஏறும், போட்ட டிராயிங் எல்லாம் மாறும். "அண்ணாச்சி, நீங்க சாப்ட்டுட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றான். நான் சாப்பிட்டுவிட்டு வந்தேன். எல்லாப் புள்ளியும் பச்சை! குழாய் அதே குழாய். வாய்க்கால் எதுவும் இல்லை. எல்லைக்கு அப்பால் பெய்கிற மழையும் அப்படியே இருக்கிறது. எப்படி என்று ஒவ்வொரு மேன்ஹோலாகத் தொட்டுப் பார்த்தேன். பையன் எங்கள் தெரு மேன்ஹோல்களின் மூடி மட்டத்தையெல்லாம் நாலடி உயர்த்திவிட்டிருந்தான். மூடியைத் தாண்டினால்தானே சிவப்பு? தாண்ட முடியாத உயரத்துக்கு மூடியைத் தூக்கிவிட்டால் பச்சைதானே?

"தம்பி, மேன்ஹோல் மூடி என் வீட்டு ஜன்னல் உசரத்துல நிக்குது" என்றேன். "அதுக்கென்ன, ரோட்டையும் ஒசத்திருவாவ" என்றான். ரோட்டை உயர்த்தினால் இரண்டு பக்கமும் இருக்கிற வீடுகள் என்ன ஆகும் என்று கேட்டேன். லேப்டாப்பை மூடிக்கொண்டே பதில் சொன்னான்: "வீடு நம்ம மாடல்லயே இல்லயே, அண்ணாச்சி."

பெரிய அதிகாரி

அதிகாரி வந்தார். திரையில் மழை பெய்தது. முதலாளி சொன்னதையும் மீறி நான் எழுந்து, "ஐயா, மூடி நாலடி உசரத்துல நிக்குதுங்க, எங்க வீடெல்லாம் பள்ளத்துல போயிருங்க" என்றேன். அவர் திரும்பி முதலாளியைப் பார்த்தார். முதலாளி, "பழைய ஸ்டாஃப் சார், அந்தத் தெருவுலதான் வீடு" என்றார். ஒருவனுக்கு அந்தத் தெருவில் வீடு இருந்தால் அவன் சொல்வதைக் கேட்கத் தேவையில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அதிகாரி புன்னகையோடு தலையாட்டிவிட்டு, ஒரு சிவப்புகூட இல்லாத திரையை மறுபடி பார்த்து, "வெரி குட், மழைக்கு நல்லா பச்சப் பசேல்னு இருக்கு" என்றார்.

அவர் போனபிறகு பவித்ரா என்னிடம் வந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். அந்தச் சிவப்பைக் கொண்டுவந்ததே அவள்தான். அதிகாரி முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு மெதுவாக இப்படிச் சொன்னாள்: "வருத்தப்படாதீங்க அங்கிள். எங்க ஊருக்கு டிரைனேஜ் வந்தா எங்க கம்பெனிய மட்டும் உள்ள விடாதீங்கன்னு எங்கப்பாகிட்ட இப்பவே சொல்லி வெச்சிட்டேங்க."

ஒரு சொட்டு இல்லை

வடிகால் போட்டார்கள். படத்தில் இருந்தபடியே மூடிகள் நாலடி உயரத்தில் வரிசையாக நின்றன. பிறகு அவற்றுக்குச் சமமாக மண் கொட்டி ரோடு போட்டார்கள். வாசலில் ஏறிப் போக இருந்த படிகள் மண்ணுக்குள் போய், ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்க மரப்பலகை போட்டோம். அடுத்த நல்ல மழையில், எல்லைக்கு அப்பாலிருந்து வந்த தண்ணீர் குழாய் நிறைய ஓடியது. மேலே பொங்க வழியில்லாததால், எங்கள் வீடுகளிலிருந்து வடிகாலுக்குக் கொடுத்திருந்த இணைப்பு வழியாக உள்ளே புகுந்தது. குளியலறை ஓட்டையில் ஊற்று மாதிரி கிளம்பியது. முன்பெல்லாம் முழங்கால் அளவு. இப்போது கட்டிலே நனைந்துவிட்டது. என் மனைவி அரிசி மூட்டையை என் தலையில் ஏற்றி, "இத்தன வருசமா இதத்தான் சொல்லிக்குடுத்தீங்களா?" என்று கேட்டாள். மூட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் வாசலுக்கு வந்தேன்.

மேலே ரோட்டில் குடை பிடித்துக்கொண்டு கார்த்திகேயன் நின்றிருந்தான். வேலை முடிந்ததற்குப் போட்டோ எடுக்க வந்திருக்கிறான். ஷூ நனையவில்லை. தலையில் மூட்டையோடு நிற்கிற என்னை அடையாளம் தெரிந்ததும் அவனுக்கு உண்மையாகவே சந்தோஷம். அதில் கேலி கிடையாது, அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. குனிந்து, மழைச் சத்தத்துக்கு மேல் கத்திச் சொன்னான்: "அண்ணாச்சி, பாத்தியளா! ரோட்டுல ஒரு சொட்டு நிக்கல. நீங்க சொல்லிக்குடுத்த மாடல் அப்படியே பலிச்சிட்டு!"

என் கையால் பயிற்சி பெற்றுப் போன எந்த என்ஜினீயரின் வீட்டுக்குள்ளும் இதுவரை தண்ணீர் புகுந்ததாகத் தகவல் இல்லை என்பதால், என் தொழிலை நான் சரியாகத்தான் செய்துவருகிறேன் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.