சுவைஹான் மணல்மேட்டில் கேட்ட குரல்

இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் நம்பப் போவதில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை. என்னைப் பெற்ற தாயே நம்பவில்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை.

பேய் என்றால் இருட்டில்தான் வரும் என்பார்கள். எனக்கு அது காலை வெளிச்சத்தில் வந்தது. பனிமூட்டத்தில் வந்தது.

என் பெயர் ஷம்மா. ஊர் அல் ஐன். என் கணவர் சுஹைல் இறந்து அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாலைவனத்தில் மணல்மேடுகளில் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். ஒரு வியாழக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போனார், குழியில் விழுந்து அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது என்றுதான் எனக்குச் சொன்னார்கள். சொன்னது என் அண்ணன் கானிம்.

தனியாக மணலுக்குள் போகமாட்டேன் என்று சுஹைல் எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். கல்யாணமான முதல் மாதத்தில் குர்ஆன் மேல் கைவைத்துச் செய்த சத்தியம். அதை மீறிவிட்டுப் போய்ச் செத்தார் என்ற கோபம் எனக்கு. இரண்டு வருஷம் அவருக்காக நான் அழுததைவிட அவரைத் திட்டியதுதான் அதிகம். அவர் படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தேன்.

கானிம் மணலில் பழம் தின்று கொட்டை போட்டவன். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைக் குழுவாகக் கூட்டிப்போய்ப் பழக்குவதுதான் அவன் தொழில். அந்த மார்கழிக் குளிரில் ஒருநாள் நானும் வருகிறேன் என்றேன். அப்படி என்னதான் இருக்கிறது அந்த மணலில் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. வேண்டாம் என்று இரண்டு முறை சொன்னான். நான் விடவில்லை.

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுவைஹான் பெட்ரோல் நிலையத்தில் கூடினோம். மொத்தம் ஐந்து வண்டிகள். முதலில் கானிம். அவனுக்குப் பின்னால் ஒரு எகிப்துக்காரரும் அவர் மகனும். மூன்றாவது ரீமா என்ற ஜோர்தான் ஆசிரியை. நான்காவது நான். கடைசி வண்டியில் உபைத். சுஹைலின் பால்ய நண்பர் அவர். தேநீர் குடித்தோம். மணலில் புதையாமல் இருக்கச் சக்கரங்களில் பாதிக் காற்றை இறக்கினோம். வண்டிக்கு ஒரு கொடிக்கம்பு, ஒருவரோடொருவர் பேசக் கையில் ஒரு ரேடியோ.

புறப்படும் முன் கானிம் எல்லோரையும் நிறுத்திவைத்து ஒரு பாடம் சொன்னான். மேடு ஏறும்போது உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறதென்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சரிவாகவும் இருக்கலாம், செங்குத்தான குழியாகவும் இருக்கலாம். அதனால் ஒருவர் நடந்து ஏறி உச்சியில் நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் வா என்றால் மட்டும்தான் ஏற வேண்டும்.

"மேல நிக்கிறவன நம்பித்தான் கீழ இருக்கிறவன் உயிர் இருக்கு. மறந்துடாதீங்க" என்றான்.

உபைத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

முதல் ஒரு மணி நேரம் நன்றாகத்தான் போனது. சின்னச் சின்ன மேடுகள். ரீமா ஒவ்வொரு மேட்டிலும் அல்லாஹ்வைக் கூப்பிட்டாள். அவள் கூப்பிட்டதில் பாதி எங்கள் எல்லோருக்காகவும் இருக்கும் என்று உபைத் ரேடியோவில் கிண்டல் செய்தார்.

பிறகு பனி இறங்கியது.

எங்கள் பக்கத்தில் குளிர்காலப் பனி எல்லோருக்கும் தெரியும். ஆனால் அன்று வந்தது சுவர் மாதிரி வந்தது. என் வண்டியின் முன்பக்கம் தெரிந்தது. அதற்கு மேல் வெள்ளை.

அந்த நேரம் பார்த்து ரீமாவின் வண்டி புதைந்தது. உபைத் பின்னாலிருந்து வந்து கயிறு கட்டினார். என் ஜன்னலருகே வந்து, முன்னே சமதரையில் கானிம் காத்திருப்பான், சக்கரத் தடத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் போய்ச் சேரு என்றார். நான் அவர்களைச் சுற்றிக்கொண்டு போனேன்.

மணி எட்டு பத்து.

மணலில் இரண்டு வண்டித் தடம் இருந்தது. அதைப் பார்த்தபடியே போனேன். ஜன்னலை இறக்கியிருந்தேன். பின்னால் உபைத்தின் வண்டிச் சத்தம் கேட்டது. கொஞ்சம் போனதும் கேட்கவில்லை.

ரேடியோ கரகரத்தது.

"இடது பக்கம் வா."

கானிமின் குரல். ஆனால் தடம் வலது பக்கம் போனது. நான் பொத்தானை அழுத்தி, தடம் இந்தப் பக்கம் போகிறதே அண்ணே என்று கேட்டேன்.

பதில் இல்லை.

"இடது பக்கம். அப்படித்தான். மெதுவா."

கூடப் பிறந்தவன் சொல்கிறான். தடத்தை நம்புவதா, அவனை நம்புவதா? இடது பக்கம் திருப்பினேன்.

அங்கே தடமே இல்லை. வழித்துவிட்ட மாதிரி மணல். ரீமா வந்துவிட்டாளா என்று கேட்டேன். அதற்கும் பதில் இல்லை. நான் பேசுவது அவன் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. ஆனால் நான் எங்கே இருக்கிறேன் என்பது மட்டும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நான் சறுக்கினால் "பரவால்ல" என்றான். வேகம் கூடினால் "மெதுவா" என்றான்.

இந்தப் பனியில் என்னை எப்படிப் பார்க்கிறான்?

வண்டிக்குள் திடீரென்று குளிர்ந்தது. ஜன்னலை ஏற்றினேன். குளிர் குறையவில்லை.

முன்னால் ஒரு மேடு எழுந்தது. பெரியது. உச்சி பனிக்குள் மறைந்திருந்தது.

"ஏறு. காலை எடுக்காத. மேல நான் நிக்கிறேன். அந்தப் பக்கம் சரிவுதான்."

பிஸ்மில்லாஹ் சொல்லி மிதித்தேன். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பாதி தூரம். முக்கால் தூரம்...

"வா, வா. காலை எடுக்காத மாப்ள."

மாப்ளயா?

என்னை ஏன் மாப்ள என்கிறான்?

அப்போது ரேடியோவில் இன்னொரு குரல் வந்தது.

"உன்ன நம்பித்தான் ஏறுறேன் மச்சான்."

சுஹைல்.

என் கால் தானாகவே எழுந்துவிட்டது. வண்டி உச்சிக்குக் கொஞ்சம் கீழே மூக்கைத் தூக்கியபடி நின்றது. சக்கரம் புதைந்தது. இயந்திரம் அணைந்தது.

கதவைத் திறந்து இறங்கினேன். கையை ஊன்றி உச்சிக்கு ஏறினேன்.

அங்கே யாரும் இல்லை. ஒரு காலடித் தடம்கூட இல்லை.

அந்தப் பக்கம் சரிவும் இல்லை.

கத்தியால் வெட்டின மாதிரி மணல் அறுந்து கீழே போனது. அடி தெரியவில்லை.

பின்னால் சத்தம் கேட்டது.

ஒரு வண்டி மேடு ஏறும் சத்தம். முழு வேகத்தில்.

திரும்பினேன்.

வண்டி இல்லை. சத்தம் மட்டும் வந்தது. நெருங்கியது. என்னைத் தாண்டியது... முகத்தில் மணல் அடித்தது. என் கண் முன்னால், என் காலடியில், இரண்டு சக்கரத் தடம் விழுந்துகொண்டே போனது. உச்சி விளிம்பு உடைந்து சரிந்தது.

ஒரு நொடி அமைதி.

பிறகு கீழே...

தொம்.

நான் விழுந்து கிடந்தேன். என் வண்டிக்குள் ரேடியோ பேசியது.

"மாப்ள? சுஹைல்?"

கரகரப்பு.

"உயிரோடதான் இருக்கேன் மச்சான். கால் சிக்கிக்கிச்சு. இறங்கி வா."

கரகரப்பு.

"மச்சான், கேக்குதா? கால் வரமாட்டேங்குது."

யாரோ மூச்சு விடும் சத்தம்.

"கானிம்?"

டக்.

ரேடியோவை அணைக்கும் சத்தம் அது. ஒரு முறை கேட்டவர்களுக்கு அது மறக்காது.

அதற்குப் பிறகு சுஹைலின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. மச்சான் என்றது. பிறகு கானிம் என்றது. பிறகு என் பெயரைச் சொன்னது. நான் ரேடியோவை எடுத்து, வந்துவிட்டேன், இங்கேதான் இருக்கிறேன் என்று கத்தினேன். அது நான் பேசியதைக் கேட்கவில்லை.

பனி விலகும்போது குரலும் தேய்ந்து போனது.

என் தடத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் வந்தவர் உபைத். ரீமாவும் அவர் வண்டியில் இருந்தாள். உபைத் மேட்டைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குழிக்குள் எந்த வண்டியும் இல்லை. உடைந்த விளிம்பு மட்டும் அப்படியே இருந்தது. ரீமா என் மேல் போர்வையைச் சுற்றிக் கையைத் தேய்த்துவிட்டாள். கானிம் என்னைக் கூப்பிட்டதைத் தவிர அவர்கள் ரேடியோவில் ஒரு சத்தமும் கேட்கவில்லையாம். நான் எங்கே என்று கானிம் கேட்டதற்கு நான் பதில் சொல்லவே இல்லையாம்.

அரை மணி கழித்துக் கானிம் வந்தான். எந்த இடத்தில் நிற்கிறோம் என்று பார்த்ததுமே அவன் முகத்தில் ரத்தம் இல்லை. என்னைத் தனியாக நகர்த்திக் கூட்டிப்போய் என்ன ஆனது என்று கேட்டான்.

நான் ஒரே ஒரு வரிதான் சொன்னேன். ரேடியோவில் சுஹைலின் குரல் கேட்டது என்றேன். வேறு எதுவுமே சொல்லவில்லை.

"பிரமை ஷம்மா. பனியில அப்படித்தான் இருக்கும்" என்றான். என் தோளைப் பிடித்தான். "செத்தவன் வந்து கால் சிக்கிக்கிச்சுன்னு சொல்லுவானா?"

நான் அவன் கையை எடுத்துவிட்டேன்.

"கால் சிக்கிக்கிச்சுன்னு நான் சொல்லவே இல்லையே அண்ணே."

அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஈத் சந்தைக்குப் போனவன். என் கல்யாணத்தில் என் கணவரைக் கட்டிப்பிடித்து அழுதவன். மையத்து அடக்கத்தில் முதல் பிடி மண் போட்டவன்.

"கொஞ்ச நேரத்துல பேசுறது நின்னுடும்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். அவ்வளவுதான் சொன்னான்.

அன்று சுஹைல் தனியாகப் போகவில்லை. சத்தியத்தை மீறவில்லை. என் கூடப் பிறந்தவனை நம்பிப் போயிருக்கிறார். இவன் பனியில் மேடு ஏறிப் பார்க்கச் சோம்பல்பட்டு, கீழே நின்றுகொண்டே மேலே நிற்பதாகச் சொல்லியிருக்கிறான். குழுவை நடத்தும் உரிமம் அவனுக்கு அந்த மாதம்தான் கிடைத்திருந்தது. அது போய்விடும் என்றுதான் அவரை விட்டுவிட்டு வந்தானா? பயந்துவிட்டானா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

போலீசில் சொன்னேன். செத்தவர் குரலை வைத்து என்ன செய்வது என்று அந்த அதிகாரி மரியாதையாகவே கேட்டார். கானிம் அங்கே எல்லாவற்றையும் மறுத்தான். அம்மாவிடம் சொன்னேன். "போனவன் வரப் போறதில்ல. இருக்கிறவன நீயே கொன்னுடாத" என்றாள். நம்பவில்லை என்றும் சொன்னாள். நம்பாதவள் அப்படிச் சொல்லமாட்டாள். அன்றோடு அந்த வீட்டு வாசலை நான் மிதிப்பதில்லை.

சுஹைலின் படத்தை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தேன். இரண்டு வருஷம் திட்டினதுக்கு மன்னிப்புக் கேட்டேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மதியம் உபைத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சலாமா காவா என்கிற அரபுக் காப்பி ஊற்றிக்கொடுத்தாள். சுஹைலைத் தேடிப் போன கூட்டத்தில் உபைத்தும் இருந்தவர். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

அது அதே குழிதான் என்றார். சனிக்கிழமை விடிகாலையில் கண்டுபிடித்தார்களாம். சுஹைலின் கட்டைவிரல் ரேடியோப் பொத்தானின் மேல் விறைத்து இருந்ததாம். விரலைப் பிரித்தெடுக்கச் சிரமப்பட்டார்களாம். விழுந்தவுடன் சாகவில்லை, இரண்டு பகலும் ஒரு ராத்திரியும் உயிரோடு இருந்திருக்கிறார், வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை நேரத்தில்தான் உயிர் போயிருக்கிறது என்று மருத்துவர் சொன்னாராம். எனக்குத் தாங்காது என்று கானிம்தான் அதை மறைக்கச் சொன்னானாம்.

நான் அழவில்லை. கண்ணீர் வரவில்லை.

உபைத் எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்தார் போலிருக்கிறது.

"எது எப்படியோ, கானிம் இல்லன்னா நாங்களும் அந்தக் குழியிலதான் விழுந்திருப்போம். அன்னிக்கும் பனி. ஒண்ணும் தெரியல. அவன்தான் ரேடியோவுல வழி சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனான். குரல் கரகரன்னு இருந்துச்சு. ஆனா அந்த இடம் வேற யாருக்குத் தெரியும்? அப்புறம் நன்றி சொன்னப்ப அவனும் ஆமான்னுதான் சொன்னான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

சுஹைலைக் கண்டெடுத்த அந்தச் சனிக்கிழமை, விடியல் தொழுகையான ஃபஜ்ருக்கு முன்னாலிருந்து செய்தி வரும்வரை, கானிம் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். நான் எதிரே இருந்தேன். அவன் கையில் ரேடியோ இல்லை. ஒரு நிமிடம்கூட எழுந்து போகவில்லை.

அதைச் சொன்னேன்.

சலாமா எழுந்து வந்து கணவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். உபைத் மிகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"குழிகிட்ட நாங்க நின்னதும் அந்தக் குரல் ஒரு கேள்வி கேட்டுச்சு. 'ஷம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?'ன்னு. இன்னும் இல்லன்னோம். அண்ணன்காரன் கேக்குறான்னு நெனச்சோம்."

"வேற என்ன சொல்லிச்சு?" என்று கேட்டேன்.

"'மெதுவாச் சொல்லுங்க'ன்னுச்சு."