தயிர்ச்சோறு தின்ற பம்ப்

காலை ஆறரைக்கு எங்கள் வேன் கோழிக்கோட்டை அடுத்த பேப்பூர் துறையில் நின்றது. இறங்கியதும் நான் முதலில் பார்த்தது, கரையில் சாக்கால் பாதி மூடிக் கிடந்த ஒரு பழைய தண்ணீர் பம்பை. துருவேறிச் சிவந்திருந்தது. செருப்பு வாரை மாட்டுவதற்கு அதன்மேல் உட்கார்ந்தேன். மாட்டி முடித்துத் தலையைத் தூக்கியபோதுதான் கப்பல் தெரிந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தைவிட உயரமான இரண்டு பாய்மரங்கள். உடல் முழுக்கப் புதிதாக எண்ணெய் பூசிய தேக்கு.

அம்மாவும் அந்தப் பழைய பம்பைப் பார்த்தாள். தன் தம்பியான மாமாவிடம், “இதுதானா?” என்றாள்.

“இதேதானுங்கக்கா,” என்றார் மாமா.

அம்மா தயிர்ச்சோற்றுத் தூக்குப்போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆடும் பலகையில் நடந்து எல்லோருக்கும் முன்னால் கப்பலில் ஏறினாள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஓர் அரையாண்டு விடுமுறை அது. எனக்குப் பத்து வயது. மாமாவுக்குக் கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறை இருந்தது. கிணற்றுக்கு பம்ப் செய்து கொண்டிருந்தவர், கப்பலுக்கும் செய்ய ஆசைப்பட்டார். பழைய சரக்குக் கப்பல் ஒன்றைச் சுற்றுலாவுக்கு மாற்றியிருந்த கோழிக்கோட்டு முதலாளி, அடித்தட்டில் சேரும் தண்ணீரை இறைக்க மாமாவின் பம்ப் ஒன்றை மாட்டிப் பார்க்கச் சம்மதித்திருந்தார். கண்ணூர் வரை போய்த் திரும்புவதற்குள் அது ஒழுங்காக இறைத்துவிட்டால், அவருடைய மற்ற கப்பல்களுக்கும் மாமாவே செய்வார். இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டு வேறு யாரிடமாவது வேலைக்குப் போக வேண்டியதுதான். இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்களையும் ஏன் கூட்டிப்போகிறார் என்று நான் கேட்டதற்கு, “லீவுதானே அம்மணி, கடல் பாத்த மாதிரி இருக்கும்,” என்றார். எனக்கு அது போதுமாக இருந்தது.

விடிந்ததும் கரைப்பக்கமிருந்து காற்று வந்தது. பாய் ஒருமுறை படபடத்துப் பிறகு உப்பி நின்றது. இன்ஜினை ஓட்டாமலே ஒரு வண்டி நகரும் என்பதை நான் அன்றுதான் கண்டேன். வலப்பக்கம் கரை முழுக்கத் தென்னை. நடுவில் எங்காவது ஒரு வெள்ளை மசூதி, சிவந்த பாறை மேடு, ஆறு வந்து விழுமிடத்தில் நீலத்துக்குள் நீண்டுகிடக்கும் பழுப்பு நீர். பஸ்ஸில் கேட்பது போலவே அம்மா ஒவ்வொன்றுக்கும் “இது எந்த ஊருங்க?” என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் மாலுமிகள் அவள் கேட்கும் முன்பே ஊர்ப்பெயரைக் கத்திச் சொல்லப் பழகிவிட்டார்கள். சாயங்காலம் நங்கூரமிட்டு, சிறு படகில் கரைக்குப் போய்ப் புட்டும் பழமும் தின்றோம். நான் கிளிஞ்சல்களால் பாவாடையை நிரப்பிக்கொண்டு வந்தேன்.

அப்பாவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அன்னூரில் ஐந்து ஏக்கர் வைத்திருந்த விவசாயி. பாய்மரத்தின் அடியில் துண்டை விரித்துப் படுத்தவர் எழவேயில்லை. “தரை ஆடாத ஊருல பொறந்தவனுங்க நானு,” என்று மாலுமிகளிடம் காரணம் சொன்னார். மாமா மணிக்கொரு தரம் கீழே இறங்கி, பம்பின்மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்தார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தலச்சேரியைத் தாண்டியதும் பம்பின் சத்தம் மாறியது. செத்த பிணம் போலக் கிடந்த அப்பா சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

“மாப்ள, பம்பு காத்து இழுக்குதுங்க,” என்றார்.

கீழ்த்தட்டில் விட்டிருந்த என் செருப்பு படிப்பக்கம் மிதந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். செருப்பு நீந்தும் என்று தெரிந்திருந்தால் அப்பாவுடையதையும் கீழே விட்டிருப்பேன். மாலுமிகள் வாளியால் மொண்டு ஊற்றத் தொடங்கினார்கள். அவர்களுடைய தலைவர் கப்பலைக் கரைக்குத் திருப்பலாமா என்று கேட்டார். முதலாளி மாமாவைக் கைகாட்டினார்.

மாமாவின் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பம்ப் தண்ணீரை இழுக்க வேண்டுமானால் முதலில் அதற்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். ஊற்றியது கீழே இறங்கிவிடாமல் பிடிக்கக் குழாயின் அடியில் ஒரு ஃபுட் வால்வு உண்டு. அதில் ஏதோ நார் சிக்கி, ஊற்ற ஊற்றத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது.

“நம்ம தோட்டமா இருந்தா ஒரு கை சாணியக் கரைச்சு ஊத்தலாமுங்க. சந்துல போய் அடைச்சுக்கும்,” என்றார் அப்பா.

“மச்சான், நடுக்கடல்ல மாட்டுக்கு எங்க போறதுங்க?”

அம்மா தூக்குப்போசியைத் திறந்தாள். மீதமிருந்த தயிர்ச்சோற்றில் கையை விட்டுக் கூழாகப் பிசைந்தாள். பிறகு கோவையிலிருந்து சுமந்துவந்த சிறுவாணித் தண்ணீர் கேனைச் சாய்த்தாள்.

“ஏனுங்க, பாத்துட்டு நிக்காம இதப் புடிங்க.”

“சிறுவாணித் தண்ணியவா பம்புக்கு ஊத்தற?” அப்பாவுக்கு மனசே வரவில்லை. ஆனால் கேனைப் பிடித்தார்.

கரைத்த தயிர்ச்சோறு பம்பின் வாய்க்குள் இறங்கியது. ஒரு போசி உள்ளே போனதும் தண்ணீர் மேலே வந்து தளும்பி நின்றது. இறங்கவில்லை. மாமா பம்பின் இன்ஜினைச் சுற்றினார். பம்ப் இருமியது, வெள்ளையாகக் கொஞ்சம் துப்பியது, பிறகு குழாய் நிறையக் கறுப்புத் தண்ணீரைக் கடலில் கொட்டத் தொடங்கியது. என் செருப்பு மெதுவாகத் தரை தட்டியது.

முதலாளி எழுந்துவந்து எட்டிப் பார்த்தார். “உங்க பம்பு சோறு தின்னுமோ?”

“தயிர்ச்சோறு மட்டுந்தானுங்க,” என்றார் மாமா.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். மாலுமிகள் சிரித்தார்கள். அப்பா சிரித்த கையோடு பாய்மரத்தடிக்குப் போய் மறுபடி படுத்துக்கொண்டார். கண்ணூர்க் கோட்டையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினோம். வழியில் கப்பலோடு கூடவே டால்பின்கள் துள்ளி வந்தன. பம்ப் பிறகு ஒருமுறைகூட நிற்கவில்லை. மற்ற கப்பல்களுக்கும் மாமாவே செய்தார்.

பேப்பூரில் இறங்கியதும் மாமா நேராகச் சாக்கு மூடிய அந்தப் பழைய பம்பிடம் போனார். அதன்மேல் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ குடித்தார். அம்மா பக்கத்தில் நின்று முந்தானையால் அவர் தலையைத் துடைத்துவிட்டாள். இத்தனை நல்ல லீவு முடிந்து வரும்போது ஒருவர் ஏன் அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

பல வருடம் கழித்து அம்மா சொன்னாள். உன் பம்பை நீயே நம்பினால் உன் வீட்டாரோடு ஏறி வா என்று முதலாளி சொல்லியிருந்தார். மாமா அதைத் தன் அக்காவான அம்மாவிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

கரையில் கிடந்தது அந்தக் கப்பலின் பழைய பம்ப். நாங்கள் வருவதற்கு முந்தைய நாளே அதைக் கழற்றி இறக்கிவிட்டார்கள். கப்பலில் மாமாவுடையதைத் தவிர வேறு பம்ப் இல்லை.